ஆலோசனை வேலையா, ஆலை வேலையா?

அன்புள்ள சார்,

எம்பிஏ முடித்து நான்கு வருடம் ஆகிறது. கையில் இரண்டு ஆஃபர். குருகிராமில் கன்சல்டிங், வருடத்துக்கு 28 லட்சம். ஒரகடத்தில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆபரேஷன்ஸ் மேனேஜர், 17 லட்சம். எனக்கு ஒரகடம்தான் பிடித்திருக்கிறது. வீட்டிலோ, "11 லட்சத்தை யாராவது விடுவார்களா?" என்கிறார்கள். கல்விக் கடன் இன்னும் 6 லட்சம் பாக்கி. என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 11 லட்சத்தைப் பார்ப்போம். ஆஃபர் லெட்டரில் வேரியபிள் (வேலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் சம்பளம்) எவ்வளவு, ஜாயினிங் போனஸ் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். போனஸ் முதல் வருடத்தோடு சரி. புதிய வரி முறையில் 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம் வரி. அப்புறம் குருகிராம் வாடகை. வித்தியாசம் இருக்கும், வீட்டில் சொல்கிற அளவுக்கு இருக்காது. 17 லட்சத்தில் தவணை கட்ட முடியாது என்றால் யோசிக்காமல் குருகிராமுக்குப் போங்கள். 6 லட்சம் அப்படி நெருக்கும் கடனாக எனக்குத் தெரியவில்லை.

ஆலையிலேயே காலம் தள்ளியவன் நான், எந்தப் பக்கம் பேசுவேன் என்று உங்களுக்கே தெரியும். கன்சல்டிங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. சிக்கலான விஷயத்தைக் கூறுபோட்டு, பத்து ஸ்லைடில் முதலாளிக்குப் புரியவைக்க அங்கே நன்றாகவே பழக்குவார்கள். ஆனால் 'பிரஸ் எந்திரத்தில் டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றும் நேரத்தைப் பாதியாக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தவர் அடுத்த மாதம் வேறு கிளையண்டிடம் இருப்பார். பாதியாக்க வேண்டியவர் இங்கே நிற்பார். கிரேன் அடுத்த லைனில் மாட்டிக்கொண்டிருக்கும். ஸ்பானர் அலமாரியின் சாவி, போன ஷிஃப்ட்காரர் பையோடு வாலாஜாபாத் பஸ் ஏறியிருக்கும். டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ்ஸுக்கு டை மாற்ற 4 மணி நேரம் ஆனதை 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்ததாக ஜப்பானிய உற்பத்தி நிபுணர் ஷிகியோ ஷிங்கோ எழுதியிருக்கிறார். இந்த மாதிரி சாவிகளைத் தேடித் தேடித்தான் அது நடந்திருக்கும்.

கன்சல்டிங்கில் சம்பாதித்துவிட்டுப் பிறகு ஆலைக்கு வரலாமே என்று கேட்பீர்கள். சென்னையில் பிறந்த இந்திரா நூயி, பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் ஆறு வருடம் இருந்துவிட்டு மோட்டோரோலாவுக்குப் போனார். போனது ஸ்ட்ராட்டஜி பிரிவுக்கு. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். முப்பத்தைந்து வயதில் இரவு ஷிஃப்டில் நின்று வேலை கற்றுக்கொள்ளச் சம்பளமும் விடாது, கௌரவமும் விடாது. அதனால் என் ஓட்டு ஒரகடத்துக்கு.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ராத்திரி 2 மணிக்கு லைன் நின்றால் போன் யாருக்கு வரும்? உங்களுக்கு என்றால் உடனே சேருங்கள். பிளான்ட் ஹெட்டுக்கு வரும், நீங்கள் காலையில் ரிப்போர்ட் தயார் செய்தால் போதும் என்றார்களானால், அது பெயருக்குத்தான் ஆபரேஷன்ஸ். அதற்குக் குருகிராமே மேல். அதே எக்ஸெல்லுக்கு அங்கே கூடுதல் சம்பளம்.