கோல் கொண்டாட்டத்துக்கு மஞ்சள் அட்டை: தப்பு நடுவர் மேலா, டிவிக்காரர்கள் மேலா?

வாசகர் கேள்வி: எங்கள் அணியின் ஸ்ட்ரைக்கர் எதிரணி மைதானத்தில் கோல் அடித்துவிட்டு, அங்கிருந்த ரசிகர்களைப் பார்த்து, ‘இப்போது சத்தம் எங்கே’ என்பதுபோலக் காதில் கை வைத்துக் காட்டினார். உடனே மஞ்சள் அட்டை. மறுவாரம் ஒரு பெரிய அணியின் வீரர் தன் சொந்த மைதானத்தில் அதையே செய்தார், நடுவர் கண்டுகொள்ளவில்லை. டிவியில் எங்கள் ஆளைத் திமிர் பிடித்தவர் என்றார்கள், அவரை ‘உணர்ச்சிவசப்பட்டார்’ என்றார்கள். நண்பர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. யார் சொல்வது சரி என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விதி சரியில்லை, நடுவர் சரியில்லை, டிவிக்காரர்கள் சரியில்லை என்று மூன்று புகார்களை ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். மூன்றையும் பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

முதலில் விதி. கால்பந்து விதிகளை வகுப்பது ஐஎஃப்ஏபி என்ற சர்வதேச வாரியம். அதன் 12-வது விதியில் கொண்டாட்டத்துக்கென்று சில வரிகள்தான் இருக்கின்றன. மைதானக் கோட்டைத் தாண்டி ஓடிக் கொண்டாடுவது குற்றமில்லை, சீக்கிரம் திரும்பி வந்தால் போதும். ஆனால் ஜெர்சியைக் கழற்றினாலோ, அதைத் தலைமேல் இழுத்து மூடினாலோ, முகமூடி போட்டாலோ, பாதுகாப்புக்குச் சிக்கல் வரும்படி வேலியில் ஏறினாலோ, ரசிகர்களை நெருங்கினாலோ மஞ்சள் அட்டை கட்டாயம். அந்தக் கோலே பின்னால் ரத்தானாலும் அட்டை நிற்கும். இவற்றில் பெரும்பாலானவை நடுவர் யோசித்து முடிவெடுக்கிற விஷயமே அல்ல.

2010 உலகக்கோப்பை இறுதிப் போட்டியை நினைத்துப் பாருங்கள். கூடுதல் நேரத்தில், 116-வது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியெஸ்டா கோல் அடித்து ஜெர்சியைக் கழற்றினார். உள்ளே இருந்த பனியனில், இறந்துபோன நண்பர் டானி ஹார்கேயின் பெயர். அந்த நேரத்தில் அவருக்கு அட்டை காட்ட எந்த நடுவருக்கும் மனம் வராது. ஆனாலும் ஹவர்ட் வெப் காட்டினார், காட்டித்தான் ஆக வேண்டும். 2017 ஆகஸ்டில் பார்சிலோனா மைதானத்தில் ரொனால்டோ 80-வது நிமிடத்தில் கோல் அடித்து ஜெர்சியைக் கழற்றி ஒரு மஞ்சள் வாங்கினார். இரண்டு நிமிடத்தில் பெனால்டிக்காக நடித்து விழுந்ததாக இன்னொரு மஞ்சள், வெளியே போனார். ஜெர்சிக்கு அட்டை என்பது தேவையில்லாத கடுமை என்பது என் கருத்து. அதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் விதி இருக்கும்வரை திட்ட வேண்டியது விதியைத்தான், விசில் ஊதியவரை அல்ல.

உங்கள் பிரச்சினை வேறொரு வரியில் இருக்கிறது. தூண்டிவிடும் விதமாகவோ, கேலி செய்யும் விதமாகவோ, கொந்தளிக்க வைக்கும் விதமாகவோ நடந்தாலும் மஞ்சள் அட்டை என்கிறது அது. எது தூண்டல், எது விளையாட்டு என்பது நடுவர் கணிப்பு. ரசிகர்கள் ‘ஒரே மாதிரி இல்லை’ என்று சொல்லும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒற்றை வரியிலிருந்துதான் பிறக்கிறது.

பிரீமியர் லீக்கில் 2025 ஜனவரி கடைசியில் பிரைட்டன் மைதானத்தில் எவர்ட்டனின் இலிமான் என்டியே பெனால்டியில் கோல் அடித்துவிட்டு, கடற்புறா போலக் கைகளை அசைத்துக் காட்டினார். பிரைட்டன் அணியின் பட்டப்பெயரே கடற்புறாக்கள்தான். மஞ்சள் அட்டை வந்தது. அடுத்த வாரம் ஆர்சனலின் இளம் வீரர் லூயிஸ்-ஸ்கெல்லி, மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராகக் கோல் அடித்து, சிட்டி வீரர் ஹாலண்ட் கோல் அடித்ததும் காட்டும் தியான போஸிலேயே உட்கார்ந்து காட்டினார். அந்தக் கொண்டாட்டத்துக்கு அட்டை இல்லை. இரண்டுமே கேலிதானே என்று எவர்ட்டன் ரசிகர்கள் கேட்டார்கள்; கேட்டதில் தப்பில்லை. ஆனால் இரண்டும் அச்சாக ஒன்றல்ல. ஒன்று எதிரணி மைதானத்தில், அந்த ஊர் ரசிகர்கள் எல்லோரையும் சீண்டுவது. மற்றது சொந்த மைதானத்தில், ஒரே ஒரு வீரரைக் கிண்டலடிப்பது. நடுவர் கண்ணில் ‘கூட்டம் பொங்கி எழுமா’ என்ற கேள்விக்குத்தான் எடை அதிகம்.

அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. 2009 செப்டம்பரில் சிட்டியின் அடிபயோர் கோல் அடித்ததும் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடி, தன் பழைய அணியான ஆர்சனலின் ரசிகர்கள் முன்னால் முழங்காலிட்டுச் சறுக்கினார். பொருட்கள் பறந்து வந்தன, கூட்டம் முன்னால் நெருக்கியது. மைதானத்தில் கிடைத்தது மஞ்சள் அட்டை. அப்புறம் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 25,000 பவுண்டு அபராதமும், மறுபடி தப்பு செய்தால் மட்டும் அமலாகும்படி நிறுத்திவைக்கப்பட்ட தடையும் விதித்தது.

நடுவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுங்கள். கோல் விழுந்ததும் அவர் முதலில் துணை நடுவரின் கொடியைப் பார்ப்பார். அப்புறம் வீடியோ பார்த்து உதவும் நடுவர்களின் விஏஆர் அறையிலிருந்து காதில் வரும் பேச்சு, கோல் அடித்தவரின் எண், நிமிடம், இரண்டு அணி வீரர்களுக்குள் தள்ளுமுள்ளு நடக்கிறதா என்ற கவலை. கொடிக்கம்பத்தருகே ஓடிய வீரரின் முதுகுதான் பெரும்பாலும் அவருக்குத் தெரியும். நமக்கோ முகம், உதடு, விரல் எல்லாம் ஸ்லோ மோஷனில் நான்கு கோணத்தில் கிடைக்கிறது. சைகை தவறிப்போனால் விஏஆரும் கை கொடுக்காது. கொண்டாட்டத்துக்குத் தர வேண்டிய மஞ்சள் அட்டை அதன் வரம்பிலேயே இல்லை.

அட்டை வராததால் மட்டும் ஒருவர் தப்பிவிட்டார் என்றும் ஆகாது. 2024 யூரோவில் ஸ்லோவாக்கியாவுக்கு எதிராகக் கோல் அடித்த பெல்லிங்ஹாம் செய்த ஆபாச சைகைக்கு, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ பின்னால் 30,000 யூரோ அபராதமும் ஓராண்டுக்கு நிறுத்திவைத்த ஒரு போட்டித் தடையும் விதித்தது. அதே தொடரில் துருக்கியின் டெமிரால், அந்நாட்டுத் தீவிர தேசியவாதிகளின் அடையாளமான ஓநாய் சைகையைக் காட்டியதற்கு இரண்டு போட்டித் தடை. காலிறுதியில் அவரால் ஆட முடியவில்லை. இந்த இரண்டு தண்டனைகளின் வித்தியாசத்தைப் பற்றி வாதிடலாம், ஆனால் அது நடுவரோடு போட வேண்டிய சண்டையே இல்லை.

சரி, நடுவர்களிடம் சாய்வே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற விதத்தில் இல்லை. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த மைதான அணிமீது சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். உங்கள் வீரர் கொண்டாடியது எதிரணிக் கூட்டத்தின் நடுவில், மற்றவர் கொண்டாடியது தன் ஆட்கள் நடுவில். பெரிய அணி என்பதைவிட இந்த வித்தியாசமே அட்டையைத் தீர்மானித்திருக்க அதிக வாய்ப்பு.

ரசிகர்களின் கண்ணும் சாட்சிக்கு உதவாது என்பது பழைய கண்டுபிடிப்பு. 1951-இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் அணிகள் ஆடிய முரட்டுத்தனமான அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தின் படத்தை இரு கல்லூரி மாணவர்களுக்கும் காட்டினார்கள். டார்ட்மத் செய்த தப்புகளைப் பிரின்ஸ்டன் மாணவர்கள், டார்ட்மத் மாணவர்கள் பார்த்ததைப்போல இரண்டு மடங்கு பார்த்தார்கள். படம் ஒன்றுதான்.

ஊடக விஷயத்துக்கு வருவோம். இங்கே செய்தியையும் ஸ்டுடியோ கருத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். 2024 பிப்ரவரியில் லிவர்பூலை 3-1 என்று ஆர்சனல் வென்றதும், கேப்டன் ஓடேகார்ட் கிளப் புகைப்படக்காரரின் கேமராவை வாங்கி அவரையே படமெடுத்தார். கொண்டாட்டம் போதும், உள்ளே போங்கள் என்ற பொருளில் டிவியில் பேசியவர் ஜேமி கேரகர். அவர் ஆட்டக்காலம் முழுக்க லிவர்பூலுக்கே ஆடியவர். அது ஒரு முன்னாள் வீரரின் கருத்து, சேனலின் சதி அல்ல. பாரபட்சம் என்று சொல்ல வேண்டுமானால், அதே ஆள் அதே மாதிரிச் செயலை இன்னோர் அணி செய்தபோது என்ன சொன்னார் என்று தேடிப் பிடியுங்கள். வெவ்வேறு சேனலின் இரண்டு ஆட்களை ஒப்பிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது.

ஆனால் ஊடகப் பாரபட்சமே பொய் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2022 செப்டம்பரில் ரியல் மாட்ரிட்டின் வினீசியஸ் கோல் அடித்து நடனமாடியதற்கு, ஸ்பெயின் டிவி விவாதத்தில் ஒரு வீரர் முகவர் அதைக் குரங்குச் சேட்டையோடு சேர்த்துப் பேசினார். பின்னால் மன்னிப்புக் கேட்டார். பிரேசில் வீரர்கள் பலரும் வினீசியஸுக்காகக் குரல் கொடுத்தார்கள். 2020-இல் நான்கு ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களின் கமெண்டரியை அலசிய ஆய்வில், வெளிர்நிற வீரர்களை அறிவுக்கும் கருநிற வீரர்களை உடல்பலத்துக்கும் அதிகம் புகழ்கிறார்கள் என்று தெரிந்தது. ‘திமிர்’ என்ற சொல் யார்மேல் விழுகிறது, ‘உணர்ச்சி’ என்ற சொல் யாருக்குக் கிடைக்கிறது என்று நீங்கள் கேட்பது அர்த்தமுள்ள கேள்வி.

இனி உங்கள் வழக்கு. சுருக்கமான கிளிப்பை விட்டுவிட்டு இரண்டு ஆட்டத்தின் முழுக் காட்சியையும் பாருங்கள். வீரர் யாரைப் பார்த்து நின்றார், எவ்வளவு நேரம், கூட்டத்திலிருந்து ஏதாவது பறந்து வந்ததா, நடுவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாரா? எதிரணி ரசிகர்கள் முன்னால் நின்று காதில் கை வைத்ததற்கு அட்டை என்பது விதிக்குள் அடங்கும் முடிவு. மற்றவரும் எதிரணி ரசிகர்கள் உட்கார்ந்த பகுதியைப் பார்த்துத்தான் செய்திருந்தால், தவறியது இரண்டாவது நடுவர். உங்கள் நண்பர்களிடம் அதைத் தைரியமாகச் சொல்லலாம். தன் ஆட்களைப் பார்த்துச் செய்திருந்தால் அது அவர்களை உற்சாகப்படுத்தும் சைகை மட்டுமே, இரண்டு முடிவுகளும் சரி. டிவி பேச்சுக்கு, அந்த இருவரைப் பற்றியும் பேசியவர் ஒரே ஆளா என்று முதலில் பார்த்துவிட்டு விவாதத்தைத் தொடருங்கள்.