சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்கள்: எந்த வளாகம் யாருக்கு ஒத்துவரும்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி (தெம்பனிஸ் மாணவி): அக்கா, என்டியூ (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்), எஸ்எம்யூ (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) இரண்டிலும் கணக்கியல் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. எதை எடுப்பது?

பதில்: பாடம் ஒன்றுதான். அதனால் உன் நாள் எப்படிக் கழியும் என்று பாரும்மா. தெம்பனிசிலிருந்து பூன் லே வரை ரயில், அங்கிருந்து 179 அல்லது 199 பேருந்து. போகவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். தினமும் வீட்டிலிருந்து போய்வருபவர்களுக்கு என்டியூ பாதிதான் கிடைக்கும். அங்கே வாழ்க்கையே விடுதியில்தான். இருபதுக்கும் மேற்பட்ட விடுதிகள் இருக்கின்றன. விளையாட்டு, நடனம், குழு வேலை எல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். யுன்னான் தோட்டத்தில் காலையில் நடக்கலாம். ஆனால் நகரம் வெகு தூரம்.

எஸ்எம்யூ இதற்கு நேர்மாறு. 2005 முதல் பிராஸ் பாசாவில், நகரத்தின் நடுவே இருக்கிறது. வகுப்புகள் சிறியவை, பேசிப் பங்கேற்பதற்கே மதிப்பெண் உண்டு. கூச்சமுள்ள பிள்ளைகள் முதல் பருவத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் ஆசிரியரிடமே எதிர்வாதம் வைப்பதையும் பார்த்திருக்கிறேன். வகுப்பு முடிந்தால் பலர் கிளம்பிவிடுவார்கள், அது மட்டும் சிலருக்கு வெறுமையாகத் தோன்றும். வீட்டிலிருந்தே படிக்கப்போகிறாய் என்றால் எஸ்எம்யூ. விடுதிக்கு வீட்டில் சம்மதித்தால் தயங்காமல் என்டியூ.

கேள்வி (ஈசூன், ஒரு தாயார்): மகள் சைவம். விடுதியில் தங்க ஆசைப்படுகிறாள். சாப்பாட்டுக்கு என்ன செய்வாள்?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. என்யூஎஸ்ஸின் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின்) பழைய விடுதிகளிலும் உறைவிடக் கல்லூரிகளிலும் காலை, இரவு உணவுக்கும் சேர்த்தே கட்டணம் வாங்குவார்கள், சாப்பிடாவிட்டாலும் பணம் போனதுதான். என்டியூ விடுதிகளில் உணவங்காடியில் வாங்கிச் சாப்பிட வேண்டும். சைவம் உண்டா என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். அங்கே தங்கியிருக்கும் சைவப் பிள்ளை ஒருவரிடம், போன வாரம் ஐந்து இரவும் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.

கேள்வி (தேசிய சேவையில் இருப்பவர்): பொது வரவேற்பு நாளுக்குப் போக விடுப்பு கிடைக்கவில்லை அக்கா. பெரிய இழப்பா?

பதில்: இல்லை தம்பி. அன்று எல்லா வளாகமும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். ஆகஸ்ட்டிலிருந்து நவம்பருக்குள், வகுப்புகள் நடக்கும் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போ. என்யூஎஸ் என்றால், கென்ட் ரிட்ஜ் நிலையத்தில் இறங்கி, வளாகப் பேருந்தில் ஏறிக் கலைப்புலத்துக்குப் போய்ப் பார். நெரிசலும் மேடும் படிக்கட்டும் எவ்வளவு என்று அப்போது தெரியும், குன்றின்மேல் கட்டிய வளாகமல்லவா. அங்கிருந்து யூடவுன், அதாவது என்யூஎஸ்ஸின் பல்கலைக்கழக நகரம். பழைய கோல்ஃப் திடலில் உருவாகி 2011ல் திறக்கப்பட்ட இடம். மாலை ஆறு மணிக்கு அந்தப் புல்வெளிப் பக்கம் உட்கார். எத்தனை பேர் தங்குகிறார்கள், எத்தனை பேர் கிளம்புகிறார்கள், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று கவனி. எந்தக் கையேட்டிலும் இது இருக்காது.

கேள்வி (தொடக்கக் கல்லூரி மாணவர்): தமிழ்ச் சூழல் எங்கே நன்றாக இருக்கிறது?

பதில்: இதைக் கேட்டதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். என்யூஎஸ்ஸில் தமிழ்ப் பேரவை, என்டியூவில் தமிழ் இலக்கிய மன்றம். இரண்டுமே மாணவர்கள் தங்கள் உழைப்பில் நடத்துபவை, ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளுக்குப் போனால் அவர்களை நேரில் பார்க்கலாம். தமிழாசிரியராகும் எண்ணம் இருந்தால், தேசியக் கல்விக் கழகம் என்டியூ வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. தமிழிலேயே பட்டம் வேண்டுமென்றால் கிளமெண்டி ரோட்டில் உள்ள சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம். ஆனால் அங்கே வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் அதிகம், வளாகம் மாலையில்தான் நிறையும்.

கேள்வி (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி): எஸ்ஐடிக்கு (சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்துக்கு) போனால் வளாக வாழ்க்கையே இருக்காது என்கிறார்களே?

பதில்: அது பழைய கதை. முன்பு வகுப்புகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன. 2024ல் பொங்கோலில் சொந்த வளாகம் வந்துவிட்டது. பணிப்பயிற்சிதான் அங்கே நீண்டது. உன் பாடப்பிரிவு எந்த மாதங்களில் அனுப்புகிறது என்று முதலிலேயே கேட்டுக்கொள், அந்த மாதங்களில் மன்றப் பொறுப்பு எதையும் ஏற்க முடியாது.