மூச்சே வாங்காத வண்டி

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக லீவு கிடைக்கும்போதெல்லாம் மேட்டுப்பாளையம் – குன்னூர் நீராவி ரயிலைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறேன். இதுவரை 41 வீடியோ ஆகிவிட்டது. சின்ன வயதில் அப்பா ஒரே ஒரு முறை அந்த ரயிலில் கூட்டிப்போனார். அந்த ஆசை இன்னும் விடவில்லை. ஆனால் ஒரு வீடியோவை இருநூறு பேர் பார்த்தாலே அதிகம். கேமராவை மாற்றினால் சரியாகுமா? ட்ரோன் வாங்கலாமா? எட்டு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்கமாட்டார்கள் என்கிறார்கள், எனக்கோ எடுத்ததை வெட்ட மனசு வருவதில்லை. கடைசியாகப் போட்டதன் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு ஒரு வரி எழுதினால் போதும்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை இது. வருகிற இணைப்புகளை நான் பொதுவாகத் திறப்பதில்லை. உங்களுடையதைத் திறந்ததற்குக் காரணம், போன வாரம்தான் ஒரு பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அதில் இருப்பதும் இதே ரயில்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். இரண்டாவது நிமிடத்தில் ஒரு ஷாட் வருகிறது, வண்டி நேராக நம்மைப் பார்த்து வருவதுபோல. அழகான ஷாட், மறுக்கவில்லை. ஆனால் அதை எங்கே நின்று எடுத்தீர்கள்? தண்டவாளத்துக்கு நடுவில். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவில் அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு. அதைக்கூட விடுங்கள். ஏறும் வண்டியில் டிரைவர் கடைசியில் இருக்கிறார், அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். முன் பெட்டியின் மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். உங்கள் ஷாட்டில் அந்த மனிதர் கையை வீசி வீசி ஏதோ சொல்கிறார். நீங்கள் அதை ஸ்லோமோஷனில் போட்டுப் பின்னணியில் வீணை வாசித்திருக்கிறீர்கள். அவர் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார், எஸ்.

ட்ரோன் வேண்டாம். மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த ஸ்டேஷனான கல்லாரைத் தாண்டினால் காடு, யானை நடமாடும் இடம். அதோடு, மேலேயிருந்து பார்த்தால் எல்லா ரயிலும் பொம்மை ரயில்தான். எட்டு நிமிடக் கணக்கு எனக்குப் புரியவில்லை. அந்த வண்டி குன்னூர் போய்ச் சேரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பார்க்க வருகிறவன் அவசரத்தில் வருவானா? நீங்கள்தான் அவசரப்படுகிறீர்கள். மூன்று விநாடிக்கு ஒரு கட். வண்டி ஃபிரேமுக்குள் வரட்டும், கடக்கட்டும், கடைசிப் பெட்டியும் பின்னால் தள்ளிக்கொண்டு வரும் இன்ஜினும் போகட்டும், புகை மரத்தில் சிக்கிக் கலையட்டும். அதற்கப்புறம் வெட்டினால் போதும். வெளுத்த ஆவியும் கறுத்த இன்ஜினும் ஒரே ஃபிரேமில் வருவதால், வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எக்ஸ்போஷர் அலைபாய்கிறது. அதைப் பூட்டி வையுங்கள். படத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

நான் எழுத உட்கார்ந்ததே நான்காவது நிமிடத்துக்காக.

அங்கே “குன்னூரை நோக்கிக் கம்பீரமாக ஏறுகிறது நம் மலை ராணி” என்று எழுத்து ஓடுகிறது. திரையில் இன்ஜின் முன்னால் வருகிறது, பெட்டிகள் பின்னால். மூன்று வருடம் அந்தத் தடத்தில் அலைந்திருக்கிறீர்கள். சரிவில் இன்ஜின் பிடித்து ஏற நடுவில் பற்கள் வைத்த பல் தண்டவாளப் பகுதியில் இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னாலிருந்து தாங்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் தனியாக உருண்டு ஓடிவிடக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆக, நீங்கள் காட்டுவது இறங்கும் வண்டி. சாயங்கால வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, அதனால் எடுத்து நடுவில் செருகிவிட்டீர்கள். எடிட்டிங்கில் எல்லோரும் செய்வதுதான், நானும் மன்னித்திருப்பேன்.

ஆனால் அதன்மேல் ஒரு சத்தம் போட்டிருக்கிறீர்கள். குச்சு குச்சு குச்சு குச்சு என்று தாளம் தவறாமல், எங்கேயோ இலவசமாகக் கிடைத்த ஒரு நீராவி இன்ஜின் சத்தம். கண்ணுக்குப் பத்து கிலோமீட்டர் வேகம், காதுக்கு அறுபது. அதுவும் இறங்கும் இன்ஜினுக்கு! இறங்கும்போது அது வண்டியை இழுப்பதே இல்லை, அடக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறது. அப்போது அந்த மாதிரி மூச்சு அதற்கு எங்கிருந்து வரும்?

இனி அந்த கேசட்.

1984-இல் எனக்குப் பதினொரு வயது. சித்தப்பா மேட்டுப்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக் டேப்ரெக்கார்டர் ஒன்று பழுதுக்கு வந்தது. சரி செய்த பிறகும் ஒரு வாரம் அதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தார், ஊட்டி ரயிலின் சத்தத்தைப் பிடிக்கவேண்டும் என்று. ஒரு விடியற்காலை சைக்கிளில் என்னை முன்கம்பியில் உட்கார வைத்துக் கல்லாருக்கு மிதித்தார். மடியில் டேப்ரெக்கார்டர், துண்டில் சுற்றி. பாக்குத்தோப்பு ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்தோம். புது கேசட், அறுபது நிமிடம், ஒரு பக்கத்துக்கு முப்பது.

சித்தப்பா பொறுமை இல்லாதவர். தூரத்தில் ஏதோ லாரி ஹாரன் கேட்டதும் வண்டி வந்துவிட்டது என்று பட்டனை அழுத்திவிட்டார். வண்டி வரவில்லை. நிறுத்தினால் மறுபடி அழுத்தும்போது ‘டக்’ சத்தம் பதிவாகும், அது அசிங்கம் என்று நிறுத்தவும் மாட்டேன் என்கிறார். ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

போன வாரம் நாற்பது வருடம் கழித்து அதைக் கேட்டேன். என்னென்னவோ பறவைகள். சித்தப்பாவின் இருமல். “வருமா சித்தப்பா?” என்று ஆறு தடவை கேட்கிறேன், எண்ணிப் பார்த்தேன். ஆறாவது தடவை “வாயை மூடுடா, டேப்புல விழுதுடா” என்கிறார். அதுவும் விழுந்திருக்கிறது. ஒரு பெண் மாட்டை அதட்டிக்கொண்டு போகிறாள். இருபத்தெட்டாவது நிமிடத்தில் மிக மெல்லிசாக ஒரு விசில். அப்புறம் மூச்சு. தூரத்தில், விட்டுவிட்டு, கனமாக. கல்லார் ஸ்டேஷனில் நின்று, மறுபடி கிளம்பி, பல்லைப் பிடிக்கப் போகும் நேரம். சித்தப்பா மூச்சை இழுத்துப் பிடிப்பதுகூடக் கேட்கிறது.

டக்.

கேசட் முடிந்து பட்டன் தானாக எம்பிக்கொண்டது. அவர் பதறிப்போய்த் திருப்பிப் போடுவதற்குள் வண்டி தோப்பைத் தாண்டிவிட்டது. திரும்பும் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. நான்தான் ஏதோ தப்பு செய்தவன் மாதிரி.

அதற்குப் பிறகு சித்தப்பா செய்ததுதான் விஷயம். அந்தக் காலத்தில் சினிமா கதை வசன கேசட் விற்கும். ஏதோ ஒரு படத்தில் ரயில் ஓடும் காட்சியின் சத்தத்தை அதிலிருந்து எடுத்து நம் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். “நம்ம ஊட்டி ரயிலு, கல்லாருல பிடிச்சேன்.” எல்லோரும் ஆகா ஆகா என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். கல்லாருக்கு மேலே பல் தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார் சித்தப்பா. திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். “நல்லாத்தான் இருக்குது. ஆனா இது நம்ம வண்டி இல்லையேப்பா. இது சமதளத்துல ஓடற வண்டி. மூச்சே வாங்கலையே” என்றார். கோபமோ கேலியோ இல்லை. வழி தப்பி வந்தவருக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். சித்தப்பா கேசட்டை வெளியே எடுத்தவர்தான், பிறகு யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

பெரியவர் கேட்டது எது என்று எனக்குப் புரிய இன்னும் பல வருடம் ஆனது. அந்த எக்ஸ் வகை இன்ஜின்களுக்கு நான்கு சிலிண்டர். பழையவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவை, பிற்பாடு பொன்மலைப் பணிமனையிலும் புதிதாகக் கட்டினார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை சாதாரணத் தண்டவாளம், இரண்டு சிலிண்டர் போதும். கல்லாரைத் தாண்டியதும் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற சரிவு. அங்கே முதல் இரண்டு சிலிண்டரில் வேலை முடித்த ஆவி நேராகப் புகைபோக்கிக்குப் போவதில்லை. மேலே இருக்கும் மற்ற இரண்டு சிலிண்டருக்குப் போய், தண்டவாளத்தின் நடுவில் கிடக்கும் பற்களைப் பிடித்து ஏறும் சக்கரத்தைத் திருப்பிவிட்டுத்தான் வெளியே வருகிறது. ஒரே ஆவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். அதனால் கல்லாருக்கு இந்தப் பக்கம் கேட்கும் மூச்சு வேறு, அந்தப் பக்கம் கேட்கும் மூச்சு வேறு. அடியில் பல்லோடு பல் உரசும் கரகரப்பும் சேர்ந்துகொள்கிறது. பெரியவர் காலம் முழுக்க அந்தப் பல்லுக்கு எண்ணெய் போட்டவர். ஏமாற்ற முடியுமா அவரை?

இன்னொன்றையும் பாருங்கள். சித்தப்பா கேசட்டில் விழுந்த அந்த இரண்டு நிமிட மூச்சு நிலக்கரி இன்ஜினுடையது. அதன்பிறகு சில இன்ஜின்களில் கரி போய் எண்ணெய் வந்துவிட்டது. கரியை அள்ளிப் போடும் இரும்புச் சத்தம் அவற்றில் இல்லை. 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தார்களே, பாலம், குகை, ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் வரைபடம் இருக்கும், ஃபோட்டோ இருக்கும். 2024-இல் ஒரு மழை நாளில் ஹில்குரோ ஸ்டேஷனுக்குக் கீழே அந்த இன்ஜின் எப்படி மூச்சு வாங்கியது என்பதற்கு உங்களைப் போன்ற நாலு பேரின் மெமரி கார்டுதான் சாட்சி. அதன்மேல் நீங்கள் யாருடைய ரயிலையோ ஒட்டியிருக்கிறீர்கள்! பத்திரத்தில் வேறொருவர் கைரேகையை வைத்ததுபோல இருக்கிறது எனக்கு. வீணை இருந்துவிட்டுப் போகட்டும், அது வீணை என்று குழந்தைக்கும் தெரியும். பொய்ச் சத்தம் உண்மைபோல உட்கார்ந்திருப்பதுதான் பொறுக்கவில்லை.

ஏன் போட்டீர்கள் என்றும் ஊகிக்க முடிகிறது. அசல் ஒலியில் காற்று இரைந்திருக்கும், விசில் வந்த இடத்தில் கிழிந்திருக்கும். கேமராவின் மைக்கை நம்பினால் அப்படித்தான் ஆகும். ஒலிக்குத் தனியாக ஒரு ரெக்கார்டர் வையுங்கள். மைக்குக்குப் பஞ்சுறை மாட்டி, காற்று நேராக அடிக்காத இடத்தில், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி வையுங்கள். உங்கள் ஜாக்கெட் சரசரப்பதுகூட இப்போது கேட்கிறது. ஒலியின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெய்னை அணைத்துவிடுங்கள். அது விசிலுக்குப் பயந்து எல்லாவற்றையும் அமுக்கி, அப்புறம் காட்டின் இரைச்சலை மெல்ல மெல்லத் தூக்கும். அளவை விசிலுக்குத் தகுந்தபடி தாழ்வாக வைத்தால் மற்றதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், கிழிந்த விசிலைத் தைக்க முடியாது. வண்டி வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் தொடங்குங்கள், போனபிறகும் ஐந்து நிமிடம் நிறுத்தாதீர்கள். டைம்லைனில் இரண்டு ஷாட்டுக்கு நடுவே ஒட்டுப் போட அந்தக் காட்டுச் சத்தம் உதவும். மெமரி கார்டில் இடம் இல்லை என்று சொல்லாதீர்கள், எங்களிடம் முப்பது நிமிடம்தான் இருந்தது.

ஆறாவது நிமிடத்தில் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்கம் இருந்து எடுத்த ஷாட்டில் இன்னொரு வேலையும் செய்திருக்கிறீர்கள். விசிலின் ஆவி வெள்ளையாகக் கிளம்பும் அதே கணத்தில் சத்தமும் வருகிறது. நகர்த்திப் பொருத்திவிட்டீர்கள், சரிதானே? ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர்போலத்தான் போகும். அவ்வளவு தூரத்தில் ஆவியைப் பார்த்து இரண்டு விநாடி கழித்துத்தான் விசில் வரவேண்டும். அந்த இரண்டு விநாடியை அப்படியே விட்டிருந்தால் நடுவில் கிடக்கும் பள்ளம் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவருக்குத் தானாகத் தெரிந்திருக்கும். ட்ரோன் எதற்கு?

எட்டாவது நிமிடத்தில், பிளாட்பாரத்தில் ஒரு தாத்தா பேரனிடம் “அதோ பார், தண்ணி குடிக்குது” என்று இன்ஜினைக் காட்டுகிறார். அங்கே இசையைக் குறைத்து அவர் குரலை விட்டிருக்கிறீர்கள். வீடியோ முழுக்க உங்கள் காது வேலை செய்தது அந்த ஒரு இடத்தில்தான். உங்கள் அப்பா அன்றைக்கு உங்களிடம் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? கடிதத்தில் எழுதவில்லை.

நான்காவது நிமிடத்தின் அசல் ஒலி அழியாமல் இருந்தால் அனுப்புங்கள். காற்று இரைந்தாலும் பரவாயில்லை, வெட்டாமல் அனுப்புங்கள். சித்தப்பாவின் முப்பது நிமிடத்தை நான் பதிலுக்கு அனுப்புகிறேன்.

கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? இருப்பதே போதும்.