தலையில் மறையாத ரத்தக்கட்டு

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. உச்சந்தலையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு வந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பார் என்று சில மாதங்கள் விட்டுவிட்டோம். இப்போது தோலில் கொஞ்சம் எடுத்துச் சோதித்த பயாப்ஸியில், ஆஞ்சியோசார்கோமா என்ற புற்றுநோய் என்று சொல்கிறார்கள். திட்டு சின்னதுதான். ஆனால் டாக்டர் தலைத்தோலை அகலமாக வெட்டி எடுத்து, அப்புறம் கதிர்வீச்சும் கொடுக்க வேண்டும் என்கிறார். இவ்வளவு தேவையா?

பதில்: தேவைதான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தாமதத்துக்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். வலியில்லாமல், அசல் ரத்தக்கட்டு மாதிரியே வரும் இந்தப் புற்றுநோய் மிக அரிது, டாக்டர்களே தவறவிடுவதுண்டு. அடிபட்ட ரத்தக்கட்டு என்றால் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறைந்துவிடும். மறையாமல் பரவினாலோ, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிந்தாலோ உடனே பயாப்ஸி எடுக்க வேண்டும், வயதானவர்கள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும்.

ஆஞ்சியோசார்கோமா ரத்தக்குழாயின் உட்பூச்சுச் செல்களில் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறம் நோயின் ஒரு பகுதிதான். சுற்றிலும் நன்றாக இருப்பதுபோல் தெரியும் தோலுக்குள்ளும் அது ஓடியிருக்கும், அதனால்தான் சில மருத்துவமனைகளில் அறுவைக்கு முன்பே திட்டைச் சுற்றிப் பல இடங்களில் துளி துளியாகத் தோல் எடுத்துப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்து வெட்டினாலும் ஓரத்தில் செல்கள் தங்கிவிடலாம். கதிர்வீச்சு அதற்காக.

தலைத்தோல் இழுத்துத் தைக்க வராது. எலும்பின் மேலுள்ள சவ்வு மிஞ்சினால் தொடைத்தோலை எடுத்து ஒட்டலாம். எலும்பே தெரிந்தால், அதிலும் பிறகு கதிர்வீச்சு இருக்கிறது என்றால், ரத்த ஓட்டத்தோடு கூடிய சதையை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து மூடுவதுதான் தாங்கும். அங்கே முடி முளைக்காது.

கத்தி வைப்பதற்கு முன் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டதா? இது நுரையீரலுக்குப் போகும் நோய். அங்கே போயிருந்தால் திட்டமே மாறும், பாக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்து முன்னுக்கு வரும். பயாப்ஸி ஸ்லைடையும் சார்கோமா வகைப் புற்றுநோய்களைப் பார்த்துப் பழகிய நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவரிடம் மறுபடி காட்டுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை, செக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால், அல்லது ஒரு பக்க நெஞ்சு வலித்தால், அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலில் பரவிய கட்டி வெடித்துக் காற்று கசிவது இந்த நோயில் நடக்கக்கூடியது.