கம்பி கம்பிதானே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய பாய்மரக் கேட்டமரான், அதாவது இரட்டை உடல் படகு பற்றியவை. பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் கட்டுமரத்தில் எஃகுக் கம்பி கிடையாது, இந்தத் தலைவலியும் கிடையாது.

கே: 20 வருடப் பழைய 16 அடிப் படகு வாங்கியிருக்கிறேன். பாய்மரத்தைத் தாங்கும் மூன்று கம்பிகளும் பளபளவென்று இருக்கின்றன. மாற்றியாக வேண்டுமா? – காரைக்கால்

ப: மாற்றியாக வேண்டும். இந்தக் கம்பி நடுவில் அறுவது அரிது. நுனியில், குழலுக்குள் வைத்து நசுக்கிய இடத்தில், உப்புநீர் தேங்கி உள்ளுக்குள் அரிக்கும். பழைய வேட்டித் துணியை நுனிவரை உருவிப் பாருங்கள். இழை சிக்கினால் ஒரு புரி ஏற்கெனவே போய்விட்டது. சிக்காவிட்டாலும் 20 வருடம் 20 வருடம்தான்.

கே: ஒரு கம்பியில்தான் புரி விட்டிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா? – நாகூர்

ப: போதாது. மற்ற இரண்டும் அதே நாளில் கட்டியவை.

கே: பழைய கம்பி ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) கனம். கடைக்காரர் 3 மி.மீ. கொடுத்து ‘இரண்டும் ஒன்றுதான்’ என்கிறார். அல்லது 5 மி.மீ. போட்டுவிடலாமா? – நாகப்பட்டினம்

ப: ஒன்றல்ல. ஒரு நூல் 3.175 மி.மீ. கம்பியின் பலம் விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 3 மி.மீ.க்கு இறங்கினால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போய்விடும். ஒற்றை உடல் படகு காற்றுக்குச் சாய்ந்துகொடுத்துப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் படகு விறைத்துக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் தண்ணீரை விட்டு எழும் கணத்தில், படகின் எடையும் ஆட்களின் எடையும் சேர்ந்த அளவுக்குக் காற்றுப் பக்கத்து ஒற்றைக் கம்பி இழுபடும். எழும் ஓரத்தில் ஆள் உட்கார்ந்திருந்தால் இன்னும் அதிகம். ஒரு நூல் கனமுள்ள 316 ரகக் கம்பி (துருப்பிடிக்காத எஃகில் உப்புநீரை நன்றாகத் தாங்கும் ரகம்) சுமார் 800 கிலோவில் அறும். இதில் மிச்சம் பிடிக்க இடம் எங்கே?

5 மி.மீ. வேண்டாம். உச்சியில் வீண் எடை. கம்பி முனையைப் படகின் தகட்டில் மாட்டும் ஆணியும் தகட்டுத் துளையில் நுழையாது. துளையைப் பெரிதாக்கினால் தகடு பலம் குறையும். முனைகள் பழைய ஆணிக்குப் பொருந்துமானால் 4 மி.மீ. போகலாம். நீளத்தைத் துளை மையத்திலிருந்து துளை மையம் வரை, இழுத்துப் பிடித்து அளந்து கொடுங்கள். இடது, வலது இரண்டையும் அளக்கவும். வித்தியாசம் இருந்தால் ஒன்று நீண்டுவிட்டது.

கே: காந்தம் ஒட்டாவிட்டால் 316 தானே? – திருவாரூர்

ப: இல்லை. உப்புநீரை அவ்வளவு தாங்காத மலிவு ரகமான 304-லும் பெரும்பாலும் ஒட்டாது. இழுத்து மெலிதாக்கிய 316 கம்பியில் லேசாக ஒட்டவும் செய்யும். காந்தம் பிரிட்ஜ் கதவிலேயே இருக்கட்டும்.

கே: என் கணவர் 316 என்று கேட்டு, அதற்குரிய விலை கொடுத்து 20 மீட்டர் வாங்கினார். நான்கே மாதத்தில் செந்துரு. ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைக் கடைக்காரர் காட்டுகிறார். பில்லில் ‘கம்பி’ என்று மட்டும் இருக்கிறது. – தரங்கம்பாடி

ப: அம்மா, அந்த ஒற்றைச் சொல் எனக்கும் பழக்கமானது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரைத் தொங்கவிட ‘துருப்பிடிக்காத’ கம்பி வாங்கினேன். பில்: ‘கம்பி 60 அடி’. இரண்டாவது மழைக்காலத்தில் அறுந்தது. இரண்டு நாள் கொக்கி போட்டுத் துழாவினார்கள். குழாய் வந்தது, மோட்டார் வரவில்லை. பில்லோடு போய் நின்றால், “கம்பி என்று போட்டிருக்கிறது, கம்பிதானே கொடுத்தேன்?” என்றார் கடைக்காரர். பதில் சொல்ல முடியாமல் திரும்பினேன்.

அரிசி வாங்கினால் பொன்னியா, பழசா, எத்தனை கிலோ சிப்பம் என்று பில்லில் எழுத வைக்கிறோம். தலைக்கு மேல் ஒரு மரத்தையே பிடித்து நிற்கிற கம்பிக்கு ஒரே சொல்லா? ரகம் 316, கட்டு 1×19, அதாவது 19 தனிக் கம்பிகளின் ஒரே திரிப்பு, விட்டம், நீளம், தயாரிப்பாளர் பெயர் எல்லாம் பில்லில் ஏற வேண்டும். சுருளின் சோதனைச் சான்றிதழுக்கு ஒரு நகலும் கேட்டு வாங்க வேண்டும். எழுத மறுக்கிற கடையில் எனக்கு வேலை இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் துடைத்துப் பாருங்கள். தேநீர்க் கறை போன்ற மெல்லிய பழுப்பு 316-லும் வரும். துடைத்த பின் குழி தெரிந்தால் கம்பியை இறக்கிவிடுங்கள். துருவேறிய நுனியை எறியாமல் வையுங்கள், அதுதான் சாட்சி. ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் ரகம் தெரிந்துவிடும். அந்தப் பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். அசையாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. 316-க்குரிய விலையைப் பில் காட்டுகிறதே, அது உங்கள் பக்கம் பேசும்.

கே: இணையத்தில் படம் பார்த்து, வளைக்க எளிதான கம்பி மலிவாக வாங்கினேன். விவரக் குறிப்பைப் படிக்கவில்லை. யூ கிளாம்ப் போட்டு முறுக்கியிருக்கிறேன். போய் வரும் ஒவ்வொரு முறையும் தளர்கிறது. எந்தக் கிளாம்ப் நல்லது? – முத்துப்பேட்டை

ப: எந்தக் கிளாம்ப்பும் இல்லை. நீங்கள் வாங்கியது கப்பியில் ஓடுவதற்கான 7×19 போலிருக்கிறது. 133 மெல்லிய இழைகள், இழுக்க இழுக்க நீண்டுகொடுக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காதவர் இந்தப் பதிலை மட்டும் படிப்பீர்களா? மாடியில் துணி உலர்த்தக் கட்டுங்கள், நன்றாக உழைக்கும்.