விதி மாறினால் அயல்நாட்டு நிறுவனத்தின் கதி என்ன?

கேள்வி: ஓர் அரசு தன் கொள்கையைத் திடீரென மாற்றினால், அங்கே முதலீடு செய்துள்ள அயல்நாட்டு நிறுவனத்துக்குப் பாதுகாப்பே இல்லையா?

பதில்: உண்டு, ஆனால், தாமதமாகவே கைக்கு வரும். சட்டத்தை மாற்றுவது அரசின் இறையாண்மை உரிமை என்பதால், புதிய விதியை ஏற்க மனமில்லாத நிறுவனத்துக்குப் பல நேரங்களில் வெளியேறுவதே வழி. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அயல்நாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்னதும், கோகோ கோலா 1977-இல் இந்தியாவை விட்டுச் சென்று, 1993-இல்தான் திரும்பியது.

முடிந்துபோன பரிவர்த்தனையைப் புதிய சட்டம் தொடும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. ஹட்சிசனின் இந்தியத் தொலைபேசித் தொழிலை வோடஃபோன் 2007-இல் வாங்கியது தொடர்பான வரி வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், முடிந்துபோன அத்தகைய பரிவர்த்தனைகளுக்கும் வரி பொருந்தும்படி வருமான வரிச் சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. தன் நெதர்லாந்து துணை நிறுவனத்தின் வழியாக, இந்திய-நெதர்லாந்து முதலீட்டு ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச நடுவர் மன்றத்தை (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் அமைப்பு) நாடிய வோடஃபோன் 2020-இல் வென்றது. 2021-இல் நாடாளுமன்றம் அந்த முன்தேதி வரியைக் கைவிட்டது. வரி விகித உயர்வை எந்த நிறுவனமும் விலையில் ஏற்றிச் சமாளித்துவிடும். மூடிய கணக்கைத் திறப்பதைத்தான் அது அஞ்சுகிறது என்பது என் கணிப்பு.

ஒப்பந்தங்களும் நிலையானவை அல்ல. பிற நாடுகளுடன் பேசும்போது அடிப்படையாகக் கொள்ள 2015-இல் இந்தியா வகுத்த மாதிரி முதலீட்டு ஒப்பந்தத்தின்படி, நடுவர் மன்றம் செல்வதற்கு முன் 5 ஆண்டுகளாவது உள்நாட்டிலேயே தீர்வு தேட வேண்டும்.