ஆஸ்திரேலியாவில் சைலோசைபின் (சிலவகைக் காளான்களில் இருக்கும், மாயக்காட்சி காட்டும் பொருள்) சிகிச்சை சட்டப்படி உண்டாமே, மனச்சோர்வில் இருக்கும் என் தம்பிக்குக் கிடைக்குமா? ஆய்வில் சேர்ந்தால் இலவசமா?

மெல்பர்னில் மருந்து ஆய்வுகளுக்கு ஆள் சேர்க்கும் வேலையில் சில வருடம் இருந்தேன். சைலோசைபின் ஆய்வு அல்ல, வேறு நோய்களுக்கு. ஆனால் “சேர்ந்தால் இலவசம்தானே?” என்று கேட்காதவர் அங்கே குறைவு.

இலவசம்தான். மருந்து கிடைக்கும் என்பதற்குத்தான் உறுதி இல்லை. 2022இல் முடிவு வெளியான பெரிய சைலோசைபின் ஆய்வில் 233 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து 25, 10, 1 மில்லிகிராம் கொடுத்தார்கள். இதில் 1 மில்லிகிராம் என்பது சும்மா பேருக்கு. உங்கள் தம்பி அதிலும் விழலாம். சேருவதற்கு முன்பே மனச்சோர்வு மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்திவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் ஒன்றுமே நடக்காமல் எழுந்து வந்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஆய்வு ஒன்றில் ஒரு பெரியவர் “எனக்கு மாவு மாத்திரைதானே கொடுத்தீங்க?” என்று கேட்டார். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சைலோசைபின் போன்ற மருந்துகளில் கிடைத்தது உண்மையான மருந்தா பேருக்குக் கொடுத்ததா என்பதை மறைக்கவே முடியாது, ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெரிந்தபின் வரும் நம்பிக்கையோ ஏமாற்றமோ முடிவையும் சாய்த்துவிடும். 2024 ஆகஸ்டில் இதேபோல் மனநிலையை மாற்றும் எம்டிஎம்ஏ என்ற மருந்தின் சிகிச்சையை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஏற்க மறுத்தபோது பெரிதாகப் பேசப்பட்ட குறைகளில் இதுவும் ஒன்று.

பலன் இல்லாமல் இல்லை. அந்த 2022 ஆய்வில் 25 மில்லிகிராம் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்றாவது வாரத்தில் நல்ல முன்னேற்றம். ஆனால் 12ஆவது வாரம் வரை அது நிலைத்தது 20 சதவீதம் பேருக்குத்தான். யூடியூபில் முதல் எண்ணை மட்டும் சொல்வார்கள்.

சரி, சட்டப்படி? 2023 ஜூலை 1 முதல் தனி அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபின் எழுதிக்கொடுக்கலாம், மற்ற சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்கு மட்டும். செலவு பல ஆயிரம் டாலர். மருந்து எடுக்கும் நாளில் இரண்டு சிகிச்சையாளர்கள் ஆறேழு மணி நேரம் கூடவே உட்கார்ந்திருப்பார்கள், அதற்கு முன்னும் பின்னும் பேச்சு அமர்வுகள் வேறு.

குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ இருதுருவக் கோளாறோ இருந்ததா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். “சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி” என்று நம் வீடுகளில் மூடிவைத்த கதையை அங்கே உடைத்துச் சொல்லிவிடுங்கள். இருந்தால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள், அது தம்பியின் நல்லதுக்குத்தான்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது கொடைக்கானல் காளானை முயலலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். இந்தியாவில் சைலோசைபின் 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வருகிறது. தவிர, தம்பி லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறாரா? அதோடு சைலோசைபின் சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு.

முதலில் இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், அளவு, எத்தனை வாரம் என்று ஒரு தாளில் எழுதி அவருடைய மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஆய்வோ தனியார் சிகிச்சையோ, முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.